அக்கா வீட்டில் ஒரு டஜன் சர்க்கரை நோயாளிகள்

கூச்ச சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பாதீர்கள். கண்டக்டரிடம் வாய் திறந்து நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அல்சூரில் இறங்க வேண்டியவன் சிவாஜி நகர் வரை போய் வெயிலில் நடந்து திரும்பியிருக்கிறேன். அதில் தேய்ந்தது என் செருப்பு மட்டும்தான். ஆனால் ஒரு முறை என் கூச்சம், அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு டஜன் சர்க்கரை நோயாளிகளைக் கொண்டுவந்து வரிசையாக உட்கார வைத்தது. அந்தக் கதையை இதுவரை மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்வது இதுதான் முதல் தடவை. (எழுதுவதால் சொல்ல முடிகிறது. நேரில் என்றால் இந்நேரம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போயிருப்பேன்.)

நான் கோலார் தங்க வயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தீர்ந்துபோயிற்று. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். நோயாளியின் நம்பரைச் சொன்னால் ஃபைலைத் தேடி எடுத்துத் தர வேண்டும்; திரும்பி வந்தால் அதன் இடத்தில் செருக வேண்டும். கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்? ஃபைல் பேசாது. 'எப்போ கல்யாணச் சாப்பாடு போடப் போற' என்று கேட்காது.

ஜீவனஹள்ளியில் சரோஜா அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். மாமா தவறிப்போன பிறகு அக்கா ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை செய்து, ஒரே மகள் விஜியைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். (எனக்கும் விஜிக்கும் முடிச்சுப் போடலாமே என்று ஊரில் யாரோ பேச்செடுத்தபோது, "இந்த மாமாவக் கட்டிக்கினா அவருக்கும் சேத்து நானே பேசணும்" என்று விஜி சொல்லிவிட்டாள். நியாயம்தான். நான் தூக்கி வளர்த்த பெண் வேறு.)

சுரங்கம் நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. உடம்புக்கு முடியாதவர்கள் தங்க வயலிலிருந்து ரயிலேறி, 'நம்ம முனிரத்தினம் அங்கதான் கீறான்' என்று நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். எங்கள் லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் எல்லாருமே எனக்கு அண்ணன், மாமா, பெரியம்மா என்று ஏதோ ஒரு முறையாக வேண்டும். இரும்புத் தகட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து 'நூறாயுசு' என்று கேட்கிற வீடுகள். முறை வைத்துக் கூப்பிடாமல் எப்படி?

நோயாளியின் பெயரைப் பதிகிற கவுண்ட்டரில் ஒரு சட்டம் இருந்தது. உள்ளூர் விலாசம் வேண்டும். கடிதம் போட்டால் போய்ச் சேர வேண்டுமாம். வந்தவர்கள் 'பெங்களூர்ல எங்க இருக்கீங்க?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். கவுண்ட்டர் அம்மாவும் என்னைப் பார்ப்பார். பின்னால் நிற்கிற வரிசையும் என்னைப் பார்க்கும். அத்தனை கண்களையும் தாங்க முடியாமல் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே விலாசத்தைச் சொல்லிவிடுவேன். அக்கா வீட்டு விலாசம். இப்படிச் சொல்லிச் சொல்லி, ஒரு சமையலறையும் ஒரு கூடமும் உள்ள அந்த வீட்டில், ஆஸ்பத்திரிக் கணக்குப்படி பாதித் தங்க வயல் குடியேறியிருந்தது. கடிதம் எதுவும் வரவில்லை. அதனால் எனக்கு அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை.

ஒரு நாள் சர்க்கரை நோய்ப் பிரிவு டாக்டரம்மா கையில் அனுமதிக் காகிதத்தோடு ரெக்கார்டு ரூமுக்கே இறங்கி வந்தார். கன்னடக்காரர். என்னோடு தமிழ்தான் பேசுவார், அவர் பாணியில்.

"முனிரத்னா, ஒந்து கெலசா, ஒரு வேலை. உன்னாலதான் ஆகணும்" என்றார்.

சர்க்கரைக்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, அதைப் பரிசோதித்துப் பார்க்கிற ஆராய்ச்சி எங்கள் ஆஸ்பத்திரியிலும் நடக்கப் போகிறது. அதற்கு ஆள் வேண்டும். பழைய ஃபைல்களைப் பார்த்துத் தகுந்தவர்களைப் பொறுக்கிக் கடிதம் போட்டுக் கூப்பிட வேண்டும்.

"நாற்பது வயசு மேலே. சுகர் இருக்கணும். இன்சுலின் போடறவங்க பேடா. முக்கியமா பெங்களூர்லயே இருக்கறவங்க ஆகணும். வாரா வாரா வரணும் அல்வா?" (கன்னடத்தில் பேடா என்றால் வேண்டாம், அல்வா என்றால் இல்லையா. இரண்டும் தின்கிற பண்டம் இல்லை.)

நான் தலையாட்டினேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது என்றாலும், சர்க்கரை நோயை டாக்டர்கள் இரண்டு எழுத்தில் சுருக்கி எழுதுவது பழகியிருந்தது. தூசியோடு தூசியாகக் கிடந்து ஃபைல்களை எடுத்து அடுக்கினேன். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனார். சிலதை ஒதுக்கினார், சிலதை மடிமேல் வைத்துக்கொண்டார். திடீரென்று நிமிர்ந்தார்.

"ஜீவனஹள்ளி. ஜீவனஹள்ளி. மத்தே ஜீவனஹள்ளி! அந்த ஏரியா தண்ணீல ஏதாவது இருக்கா?" மறுபடி குனிந்து பார்த்தார். "ஏய், வீட்டு நம்பரும் ஒண்ணே! ஏனப்பா இது, மனெயா, சத்திரமா?"

அப்போது ஒரு வார்த்தை, 'இவங்க ஊர் கோலார் பக்கம் மேடம்' என்று சொல்லியிருந்தால் போதும். இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. வார்த்தை தொண்டை வரை வந்தது. வந்து, உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது.

"ஜாயிண்ட் ஃபேமிலியா?" என்றார் டாக்டரம்மா.

என் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா என்பது எனக்கே தெரியாது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். முகமெல்லாம் மலர்ந்தது. "எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே தண்ணி! ஆராய்ச்சிக்கு இது எஷ்டு நல்லது தெரியுமா?" என்று அந்த ஃபைல்களை மட்டும் தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

சில நாளில் அக்கா வீட்டுக்குக் கடிதங்கள் கட்டாக வந்து விழுந்தன. தபால்காரர், "இங்க எத்தினி குடித்தனம்மா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

நான் வேலை முடிந்து வந்ததும், "இன்னாடா இது, எலக்சனுக்கு ஓட்டுச் சீட்டு வந்தா மாரி வந்துக்குது?" என்றாள் அக்கா. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாலும் மனம் இளகியவள். "சரி, பாவம். நல்ல மாத்திர கெடச்சா கெடைக்கட்டும். சொல்லி அனுப்பு. ஆஸ்பத்திரிக்குத் திங்கக்கெழமதான வரணும்? நமக்கு விசேசம் ஞாயித்துக்கெழம. ஒண்ணும் பாதகமில்ல" என்றாள்.

விசேஷம் என்றால், விஜியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பெயர் ரமேஷ். அல்சூரில் ஓர் அச்சகத்தில் வேலை. ஆஸ்டின் டவுனில் சொந்த வீடு. தகப்பன் இல்லாத பெண் என்று இதற்கு முன்னால் இரண்டு இடம் கை நழுவிப் போயிருந்தது. இந்த வரனாவது அமைய வேண்டும் என்று அக்கா செவ்வாய்க்கிழமை விரதம் இருந்துகொண்டிருந்தாள். விஜி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ரமேஷின் போட்டோ வந்த கவர் அவளுடைய தலையணைக்கடியில் இருந்தது. பாய் சுருட்டும்போது பார்த்தேன். பார்க்காத மாதிரி வைத்துவிட்டேன்.

தினமும் தங்க வயலிலிருந்து ரயிலில் வேலைக்கு வந்து போகிற ஒருவரிடம் கடிதங்களைக் கொடுத்து, சேதியும் சொல்லி அனுப்பினேன். 'திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஞாயிறு ராத்திரிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது.' அவ்வளவுதான் நான் சொன்னது. அந்தச் சேதி ரயில் பெட்டியில் நாலு பேர் வாயில் விழுந்து எழுந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது, 'ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து பட்டினி, இனிப்பை முகர்ந்தாலும் ரத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும்' என்று ஆகியிருந்தது. திங்கள் காலை ரயிலில் வந்தால் நேரத்துக்கு வந்து சேர முடியாது என்பதையும் அவர்கள்தான் யோசித்தார்கள். நான் யோசிக்கவில்லை. ஆகவே ஞாயிறு மதியமே புறப்பட்டுவிட்டார்கள். எங்கே தங்குவது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. கடிதத்திலேயே விலாசம் போட்டிருந்ததே!

ராகு காலத்துக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். ரமேஷ், அவனுடைய அப்பா கோவிந்தசாமி, அம்மா ராஜேஸ்வரி. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா நல்ல உயரம். கூரையிலிருந்து குக்கர் வரை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். நான் தாய்மாமன் என்பதால் எதிரே உட்கார வைக்கப்பட்டிருந்தேன். என் பங்குக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஜி கேசரித் தட்டோடு வந்தாள். அதே சமயம் வாசலில் ஒரு குரல்.

"யம்மா சரோஜா! எல்லாரும் வந்துட்டோம்மா!"

தேவராஜ் அண்ணன். சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலை பார்த்தவர். வெடிச் சத்தத்தில் காது மந்தமாகிப்போனதால், தனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசுவார். அதாவது தெருவுக்கே கேட்கும். அவர் பின்னால் சின்னப்பொண்ணு பெரியம்மா. அவர்கள் பின்னால் பைகளும் போர்வைகளும் சுருட்டிய பாய்களுமாக மற்றவர்கள், மொத்தம் ஒரு டஜன் பேர். பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார்கள். காலையிலிருந்து பட்டினி வேறு.

அவர்களைப் போ என்று சொல்ல அக்காவுக்கு வாய் வருமா? சுவரோரமாக எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூடம் நிறைந்து சமையலறை வரை போயிற்று. பெரியம்மா முந்தானைக்குள்ளிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து ஜன்னலில் பத்திரமாக வைத்தாள். உள்ளே இருந்தது சோதனைக்காக அவள் கொண்டுவந்த மூத்திரம்.

ராஜேஸ்வரி அம்மா அதை ஆர்வமாகப் பார்த்து, "நாட்டுத் தேனா?" என்றார்.

"இல்லமா, என்துதான்" என்றாள் பெரியம்மா. அந்த அம்மாவுக்குப் புரிந்ததோ என்னவோ, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்காமல் இருக்கலாமா என்று விஜி கேசரித் தட்டைத் தேவராஜ் அண்ணனிடமும் நீட்டினாள்.

"வேணாம்மா! சக்கர!" என்று முழங்கினார் அவர்.

பக்கத்திலிருந்தவர், "எனக்கும் சக்கர" என்றார். தட்டு வரிசையாக நகர்ந்தது. போன இடமெல்லாம், காவடிக் கூட்டத்தில் அரோகரா கேட்கிற மாதிரி, சக்கர, சக்கர என்று கேட்டுக்கொண்டே போயிற்று. கடைசியில் பெரியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். முகர்ந்தால் ரத்தத்தில் காட்டிவிடுமே!

ராஜேஸ்வரி அம்மாவின் முகம் மாறியது. "இவங்கள்லாம் யாரும்மா?" என்று விஜியையே கேட்டார்.

விஜி பொய் சொல்லத் தெரியாத பெண். "இது தேவராஜ் மாமா. அது சின்னப்பொண்ணு ஆயா. அவரு சித்தப்பா. அவரு இன்னொரு சித்தப்பா. இது அத்த..." என்று வரிசையாகச் சொன்னாள்.

"அத்தினி பேருக்குமா சக்கர?"

"அத்தினி பேருக்குந்தான்!" என்றார் தேவராஜ் அண்ணன், ஏதோ அத்தனை பேரும் பரீட்சையில் தேறிய மாதிரி. "அதனாலதான் ஆஸ்பத்திரில இந்த ஊட்டு விலாசத்துக்குக் கடுதாசி போட்டு எங்களக் கூப்டுகினு கீறாங்க! பெரிய ஆராய்ச்சி!"

மாப்பிள்ளை வீட்டு அம்மா தன் மகனைப் பார்த்தார். விஜியைப் பார்த்தார். மனதுக்குள் பேரப்பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கே தெரிந்தது. விஜி தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தட்டு சாய்ந்து, மேலே வைத்திருந்த முந்திரி ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

அக்கா என் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்தாள்.

"முனி, போய்ச் சொல்றா. இவங்க நம்ம ரத்தம் இல்லன்னு சொல்லு."

"நீயே சொல்லுக்கா."

"நான் சொன்னா அப்பால ஊர் மூஞ்சில எப்டி முழிக்கிறது? நீதான தாய்மாமன்? விலாசத்த வாரி வாரிக் குடுத்த மவராசனும் நீதான? போடா!"

போனேன். கூடத்தின் நடுவில் நின்றேன். அத்தனை கண்களும் என்மேல். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தின் முன்னால் பேசினேன். "இவங்க யாரும் எங்களுக்குச் சொந்தம் இல்லிங்க."

பெரியம்மா மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"இன்னாடா சொன்ன? சொந்தமில்லியா? உங்கம்மா காச்சல்ல கெடந்தப்போ உனுக்குப் பால் குடுத்து வளத்தது யாருடா?"

"பால் குடுத்தவங்க சொந்தமில்லியா?" என்றார் ராஜேஸ்வரி அம்மா.

"சொந்தந்தாங்க. ஆனா ரத்தம் இல்ல."

"அப்போ இந்த ஊட்டு விலாசத்துக்குக் கடுதாசி வந்துச்சின்னாங்களே?"

"விலாசம் மட்டுந்தாங்க இங்க. ஆளுங்க அங்க."

"ஆளு ஒரு எடம், விலாசம் ஒரு எடம். இன்னாங்க இது?" என்று அவர் தன் கணவரைப் பார்த்தார். கிளம்பலாம் என்கிற பார்வை.

ஆனால் கோவிந்தசாமி கிளம்பவில்லை. அதுவரை வாயே திறக்காமல் இருந்தவர், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, அது இன்னா மாத்திர?" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். பாதிப் பேருக்குப் புது மாத்திரை கொடுப்பார்கள், பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற, மருந்தில்லாத மாத்திரை. பழைய மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

"டாக்டருக்கே தெரியாதா?" என்றார் தேவராஜ் அண்ணன். "அப்புறம் இன்னாத்துக்குடா டாக்டரு? நானே குடுப்பனே!"

"எல்லாரையும் சேத்துக்குவாங்களா தம்பி?" என்று கேட்டார் கோவிந்தசாமி.

"இல்லிங்க. ரத்தம் எடுத்துப் பாத்து, சக்கர ஒரு அளவுக்கு மேல இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. கம்மியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. சுவரோரம் முழுவதும் ஒரு சலசலப்பு. தேவராஜ் அண்ணன் மெதுவாக எழுந்து நின்றார்.

"கம்மியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்களா? அப்போ நாங்க காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம கெடந்தது?"

"அது வந்து, ராத்திரிக்கு மேலதான்..."

"விஜிம்மா! அந்தத் தட்ட இப்டித் தள்ளு!"

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு எழுத்துப் போதாது. மாப்பிள்ளை வீட்டாருக்கென்று அக்கா நெய்யும் முந்திரியுமாகக் கிண்டிய கேசரி, கையிலிருந்து கைக்குப் போய், வாணலியோடு கூடத்துக்கு வந்து, காலியாயிற்று. மிளகாய் பஜ்ஜி போயிற்று. காப்பிக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியம்மா விரலைச் சப்பிக்கொண்டே, "இது போதுமாடா முனி, இன்னம் கொஞ்சம் தின்னட்டுமா?" என்று கேட்டாள். அக்கா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

அப்போதுதான் ராஜேஸ்வரி அம்மாவின் குரல் வெடித்தது.

"உங்களுக்கு எத்தினி வாட்டி சொல்றது! சக்கரைய வச்சிக்கினு இனிப்பத் தொடாதீங்கன்னு!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கோவிந்தசாமி, தேவராஜ் அண்ணனின் தட்டிலிருந்து எடுத்த கேசரி உருண்டையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி அப்படியே உறைந்திருந்தார்.

சத்தமே இல்லை. தேவராஜ் அண்ணனுக்கே அந்த அமைதி கேட்டிருக்கும்.

முதலில் சிரித்தது விஜிதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தியும் அடங்கவில்லை. அவளைப் பார்த்து ரமேஷ் சிரித்தான். நான் பார்த்த வரையில் அதுவரை அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

ராஜேஸ்வரி அம்மாவின் உயரம் திடீரென்று குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. "இதுக்கு முன்னாடி ஒரு எடத்துல மறைக்காம சொன்னோங்க" என்றார் அக்காவிடம், தரையைப் பார்த்தபடி. "அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கும் வரும்னு, வேணான்னுட்டாங்க. அதான் இங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு இவருகிட்ட சத்தியம் வாங்கிக்கினு வந்தேன்."

இரண்டு இடம் கை நழுவிப்போனவளுக்கு அந்தப் பயம் தெரியாதா? அக்கா போய் அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அதனால இன்னாங்க? எங்க ஊட்டுக்காரரு ஒரு நோயும் இல்லாம இருந்தாரு. நின்னாரா? புள்ளங்க நல்லா இருந்தா போதும்" என்றாள்.

"சம்பந்தி, நம்ம ஆளுயா நீ!" என்று தேவராஜ் அண்ணன் கோவிந்தசாமியைக் கட்டிக்கொண்டார். கேசரி உருண்டை அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

ராகு காலம் நெருங்குகிறது என்று பெரியம்மாதான் நினைவுபடுத்தினாள். அவசர அவசரமாக ராஜேஸ்வரி அம்மா பையிலிருந்த பூவை எடுத்து விஜிக்கு வைத்துவிட்டார். வாய் இனிக்கத் தர வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. சர்க்கரை போடாத காப்பி கொடுத்தோம். கிளம்பும்போது கோவிந்தசாமி என்னைத் தனியாக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?"

திங்கள் காலை எல்லாரும் வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பிரிவின் வாசலில் இருந்தோம். டாக்டரம்மா உற்சாகமாக வந்தார். தேவராஜ் அண்ணனிடம், "ஜீவனஹள்ளியிலிருந்து எப்படி வந்தீங்க? எந்த பஸ்?" என்று சும்மா பேச்சுக்காகக் கேட்டார்.

"பஸ்ஸு எதுக்குமா? தங்க வயல்ல, மாரிக்குப்பத்துலருந்து ரயிலு இருக்குதே!" என்றார் அண்ணன்.

டாக்டரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்தவரைக் கேட்டார். அவரும் ரயில். அதற்கடுத்தவரும் ரயில். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின நாள்தான் பேசிப் பழகியிருந்ததால் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"முனிரத்னா, வாய் திறந்து ஒந்து வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், மேலே பேச முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. வாரா வாரம் கோலாரிலிருந்து வர முடியாது என்பதால் அத்தனை பேரையும் ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிட்டார். ஆனால் சும்மா அனுப்பவில்லை. ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பார்த்து, பழைய மாத்திரையைச் சரி செய்து எழுதிக் கொடுத்தார்.

வரிசையின் கடைசியில் கோவிந்தசாமி நின்றுகொண்டிருந்தார். வயது சரி. வீடு ஆஸ்டின் டவுன். ரத்தத்தில் சர்க்கரை கேட்ட அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. காகிதத்தையெல்லாம் பொறுமையாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"வெரி குட்! இவருடைய ஃபைல் எல்லி?" என்றார் டாக்டரம்மா.

"ஃபைல் இல்லிங்க மேடம். இவரு பொண்ணு பாக்க வந்தவரு" என்றேன்.

அவ்வளவு தூசியில் உருண்டு, அத்தனை ஃபைலைப் புரட்டி, அத்தனை கடிதம் போட்டு நாங்கள் தேடிப் பிடித்தவர்களில் அன்றைக்கு ஒருவரும் தேறவில்லை. தேறியவர் எங்கள் ரெக்கார்டிலேயே இல்லாத சம்பந்தி. (நம்ம ராசி அப்படி!)

எனக்கு மெமோ வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். டாக்டரம்மா அதைவிடக் கொடுமையான தண்டனையாகக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு பொறுக்கி எடுத்த ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் நானே நேரில் போய்க் கதவைத் தட்டி, ஆள் அங்கேதான் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். எந்த வியாதி என்பதை நோயாளியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவும் கூடாது. முன்பின் தெரியாத வீட்டின் முன்னால் வியர்த்து நின்று, 'ஒண்ணுமில்லிங்க, சும்மாதான் வந்தேன்' என்று சொல்கிறவனை எந்த ஊரில் நம்புவார்கள்? ஃபிரேசர் டவுனில் ஒரு வீட்டில் என்னை மீட்டர் பார்க்க வந்தவன் என்று நினைத்து ஏணியைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன்.

விஜி கல்யாணம் அல்சூரில் ஒரு சத்திரத்தில் நடந்தது. தங்க வயல் கூட்டம் மொத்தமும் வந்து, இந்த முறை வயிறாரச் சாப்பிட்டது. கோவிந்தசாமிக்குக் கிடைத்தது நிஜ மாத்திரையா, வெறும் மாத்திரையா என்பது பற்றி அந்த வீட்டில் வெகுநாள் சண்டை நடந்தது. அவர் நிஜ மாத்திரைதான் என்பார். "உங்க மூஞ்சிக்கு வெறும் மாத்திரதான் குடுத்திருப்பாங்க" என்பார் ராஜேஸ்வரி அம்மா. கோவிந்தசாமி போய்ச் சேர்கிற வரைக்கும் அது தீரவில்லை. ஆனால் நன்றாகவே இருந்தார். பேரன் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தார்.

எனக்கும் பிற்பாடு கல்யாணமாகி ஒரு மகள். போன வருடம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பெரியவர் என்ற முறையில் ராஜேஸ்வரி அம்மாவை அழைத்துவந்து முன்னால் உட்கார வைத்திருந்தோம். கண் பார்வை மங்கிவிட்டது, ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும், அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உங்கள்ல யாருக்காச்சும் சக்கர இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாங்க அப்டிதான் ஒரு வாட்டி பொண்ணு பாக்கப் போனோம். பொண்ண நாங்க பாக்கறதுக்குள்ள, இந்த மனுசன் எங்க ஊட்டுக்காரரப் பாத்து முடிவு பண்ணி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்ட்டாரு!"

வாசலில் நின்ற மாப்பிள்ளையின் அப்பா, தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.